வாலு அனுப்பிய கடைசிச் சத்தம்

ஜூன் 2, திங்கள்
மாப் அறை, சாப்பாட்டு இடைவேளை

அடியே வாலு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் இசைக் கல்லூரியில் ஒரு போட்டி வைக்கப்போகிறார்கள். என்ன போட்டி தெரியுமா? நம்ம விளையாட்டுடி! நீயும் நானும் மூணாவது மாடி வராந்தாவில் ஆடுவோமே, அதேதான்! ஒரு பாட்டில் துண்டாகக் கொஞ்சம் மட்டும் போடுவார்களாம். அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டுமாம். நோட்டீஸ் ஒட்டியிருந்த சுவரை நான்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்புக்கு எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் வாளியில் இருந்த வெந்நீர் ஆறிப்போய்விட்டது. புரிந்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். கீழே இருந்து வாட்ச்மேன் அண்ணன், "என்னம்மா, வழுக்கி விழுந்துட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

அவர்களுக்கு அது புதுப் போட்டி. நமக்கு? பயிற்சி அறைக் கதவெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த கதவு. சாத்தியிருந்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. யாராவது திறந்துகொண்டு வெளியே வந்தால் ஒரு கவளம் பாட்டு வராந்தாவில் வந்து விழும். உடனே கதவு சாத்திக்கொள்ளும். நீ மாப்பை நிறுத்திவிட்டுப் புருவத்தைத் தூக்குவாய். "அக்கா, என்ன?" நான் "பல் வலி" என்பேன். "சரி!" என்பாய். நிஜப் பேர் நமக்கு என்ன தெரியும்? நீ வைத்த பேர்தான். பல் வலி, வெந்நீர், லிஃப்ட் மாட்டிக்கிச்சு, மாமியார் வர்றா. அந்தக் கடைசிப் பேரை நம் மாமியார் காதில் விழாமல் காப்பாற்ற நாம் பட்ட பாடு இருக்கிறதே!

ஷிஃப்டை மாற்றிப் போட்ட பிறகு விளையாட்டு போனுக்குப் போனது. நீ கதவிடுக்கில் போனை நீட்டி ஒரு துண்டைப் பிடித்து அனுப்புவாய். தெரிந்த பாட்டென்றால் நான் பேரைச் சொல்ல வேண்டும். புதுசென்றால், எந்த அறை, என்ன வாத்தியம் என்று நான் சரியாகச் சொன்ன பிறகுதான் நீ அதற்கு வைத்திருக்கிற பேரைச் சொல்வாய். அதுவரைக்கும் காலில் விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டாய், அழுத்தக்காரி. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? எழுதினால் ஒரு ஆட்டம் ஆடின மாதிரி இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

நீ கடைசியாக அனுப்பியதற்கு மட்டும் நான் இன்னும் விடை சொல்லவில்லை. அன்றைக்கு நான் பெரிய ஹாலில் பாலிஷ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் போன் அடித்தால் எங்கே கேட்கும்? நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், "அக்கா, புதுசு! கண்டுபிடி!" என்று நீ. அதற்கு மேலே யார் யாரோ கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து போனவள் பஸ் ஸ்டாப்பில் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நீ அதை அனுப்பியதற்கும் சாய்ந்ததற்கும் நடுவில் ஒரு பஸ்கூட வந்திருக்காது.

தினமும் போட்டுக் கேட்கிறேன். அடியில் ஏதோ கனமாக உறுமுகிறது. அதன் மேல் மெல்லிசாக ஒன்று இழைகிறது, மூக்கடைத்த மாதிரி. குழலா, வயலினா, பிடிபடவில்லை. முடியும்போது நீ சிரிப்பை அடக்க முடியாமல் 'க்ளுக்' என்கிறாய். அவ்வளவுதான். எதற்குடி சிரித்தாய்?

உன் வீட்டுக்காரரிடம் மட்டும் நான் இதைப் போட்டுக் காட்டவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டால் தம்பி தாங்கமாட்டார்.

இப்போது நோட்டீஸின் கடைசி வரியைக் கேள். கலந்துகொள்கிற ஒவ்வொரு ஜோடியும் தன் பங்குக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து சபையைக் கேட்கலாமாம்! பாட்டுத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் வாயிலிருந்தாவது விடை வராதா? எனக்குக் கோப்பை கீப்பையெல்லாம் வேண்டாம். அதில் மாப்பா ஊறவைக்கப் போகிறேன்? நீ கேட்டதற்கு எனக்கு விடை வேண்டும். அது ஒன்றுதான் நமக்குள் முடியாமல் கிடக்கிறது.

பேர் கொடுக்கப்போகிறேன்.

விடை தெரியாமல் திரியும்
உன் அக்கா


ஜூன் 5, வியாழன்
அதே இடம்

வாலுக்குட்டி,

ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது! பொறு, ஒழுங்காகச் சொல்கிறேன்.

பியானோ சுருதி பார்க்க நம்ம திருகாணி வந்திருந்தார். பியானோவின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். நான் போய் நின்று, "சார், ஒரு சத்தம் கேட்டுச் சொல்றீங்களா?" என்றேன். பெரிய காது மூடி ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார்.

"கீழ உறுமுறது டபுள் பாஸ்மா. நின்னுக்கிட்டு வாசிப்பாங்களே, ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி."

"மேல போறது?"

"பஸூனா இருக்கலாம். தூரத்துல இருந்து புடிச்சிருக்காங்க, தெளிவா இல்ல."

"பஸூன்னா?"

"நீளமா, வீட்டுக்குப் பின்னாடி போற குழாய் மாதிரி இருக்குமே."

"ஓ, புகைபோக்கி!"

அவர் காது மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் பட்டப்பேர் வச்சிருக்கீங்களா?"

"ஆமா சார். வாலு வச்சது."

"எனக்கு?"

நான் வாளியைப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்கு சார்? உங்க பேரே லட்சணமா இருக்கே."

நீ இருந்திருந்தால் அங்கேயே சிரித்துக் காட்டிக்கொடுத்திருப்பாய்.

"கடைசில சிரிக்கிறது யாரு?" என்று கேட்டார். "அதான் சார், வாலு" என்றேன். போனைத் தன் சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார். அப்புறம், "செல்லோ டீச்சர்கிட்ட மட்டும் இப்ப போட்டுக் காட்டிடாதீங்க. அவங்கதான் நடுவர். முன்னாடியே கேட்டுட்டாங்கன்னா சபையில போட விடமாட்டாங்க" என்றார். நல்ல வேளை, சொன்னார். மாடியேறி நேராக அந்த அம்மாவிடம்தான் போக இருந்தேன்.

அதற்குப் பதில் புகைபோக்கி வாசிக்கிற தாடிக்காரரிடம் ஓடினேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்! "நான் இல்லம்மா. நான் வாசிச்சா நடுவுல மூச்சு வாங்குற சத்தம் கேக்கும். இவங்க சும்மா நடந்து போற மாதிரி போய்க்கிட்டே இருக்காங்க." அத்தோடு இன்னொன்று சொன்னார் பார், அதுதான் துப்பு. நீ இதை அனுப்பிய அன்றைக்கு மதியம் மூணாவது மாடியில் எழுத்துப் பரீட்சையாம். ஒரு அறையிலும் வாத்தியமே கிடையாதாம்!

அப்படியென்றால் நீ எங்கே நின்றுகொண்டு இதைப் பிடித்தாய்? வெளியிலிருந்து யாராவது வந்து வாசித்தார்களா? இல்லை, தெருவிலா? உனக்கு எங்கே எது கிடைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒருதடவை ஐஸ்பெட்டி உறுமுவதை அனுப்பி என்னை அரை நாள் அலையவிட்டவள்தானே நீ!

சந்தோஷமாக இருக்கிறதுடி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீ போன பிறகு இன்றைக்குத்தான் மாடிப்படியில் ஓடினேன்.

உன் துப்பறியும் அக்கா


ஜூன் 11, புதன்

வாலு,

சுருக்கமாக எழுதுகிறேன், மேஸ்திரி அம்மா வருகிற நேரம்.

வாட்ச்மேன் அண்ணன்தான் என் ஜோடி. திருகாணி ஒலிபெருக்கி வேலை பார்க்கிறார், அதனால் அவர் சேர முடியாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ரெண்டு பேருக்கும் அவர்தான் பாடம் எடுக்கிறார். இந்தப் பாட்டுக்காரர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? அழ அழ ஒரு பாட்டை எழுதுகிறார்கள், அழகாக ஒரு பேர் வைக்கக் கூடாதா? எல்லாம் நம்பர். பல் வலிக்கு நிஜப் பேர் என்ன தெரியுமா? ஏதோ ஒரு ஐந்தாம் நம்பர், அதில் ரெண்டாவது பகுதி. பஸ் ரூட் மாதிரி. "ரெண்டாவது பகுதில ஏறி நாலாவது பகுதில எறங்கணும்" என்கிறார் வாட்ச்மேன் அண்ணன்.

வெந்நீர் ஒரு பியானோப் பாட்டின் நடுப்பகுதியாம். கேட்டதும் எனக்குத் தெரிகிறது, வாய் திறந்தால் நீ வைத்த பேர்தான் வருகிறது. திருகாணி தலையில் கை வைக்கிறார். "போட்டில வெந்நீர்னு சொன்னா ஃபிளாஸ்க் கொண்டு வந்து குடுப்பாங்கம்மா!"

எனக்கென்ன? மார்க் வாங்கவா போகிறேன்? என் முறை வரும்வரை மேடையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவசரத்தில்
அக்கா


ஜூன் 17, செவ்வாய்
வீட்டில், காலை

என் கண்ணு வாலு,

இரண்டு நாளாக அடித்துப் போட்ட மாதிரி இருந்தேன். இப்போது பரவாயில்லை. என்ன நடந்தது என்றால், போட்டி அன்றைக்கு நிறையப் பேர் வருகிறார்களாம், அதனால் வாட்ச்மேன் அண்ணன் கேட்டில்தான் நிற்க வேண்டுமாம். ஜோடி இல்லாமல் தனி ஆளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். யார் யாரிடமோ கேட்டேன். தாடிக்காரர் ஏற்கெனவே வேறு ஒருவரோடு சேர்ந்துவிட்டார். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கு ஹாரன் சத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, என்னை விட்டுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நேற்றுச் சாப்பிடும்போது, "சரி, அவ்வளவுதான். பேரை அடிச்சிடச் சொல்லிடுறேன்" என்று சொன்னேன். தம்பி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. நீ போனதிலிருந்து அவர் அப்படித்தான், உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போவார், வருவார், கேட்டால் 'ம்' என்பார். அந்த மனுசன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்:

"நான் வரேன் அண்ணி."

"எங்க தம்பி?"

"போட்டிக்கு."

எங்க வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. "டேய், உனக்கு என்னடா தெரியும் பாட்டைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. பக்கத்துல உக்காரத் தெரியும்."

வாலு, எனக்கு ஒரே நேரத்தில் குதிக்கவும் தோன்றியது, ஓடி ஒளியவும் தோன்றியது. ஜோடி கிடைத்துவிட்டது! ஆனால் எந்த மனுசன் அதைக் கேட்கக் கூடாது என்று போனைப் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டா ஊரைக் கூட்டி அதைப் போடுவேன்? சொல்லாமல் கூட்டிப்போவது பெரும் பாவம். சொன்னால் வரமாட்டாரோ என்று பயம். வராவிட்டால் விடை இல்லை.

சொல்லிவிடத்தான் போகிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அவருடைய மனுஷி நீ, எந்த நேரத்தில் எப்படிப் பேசினால் கேட்பார் என்று உனக்குத் தெரியும். நான் தடவிக்கொண்டுதான் போக வேண்டும்.

உன் வீட்டுக்காரர் தேய்த்து வைக்கச் சொல்லி நீல சட்டையைக் கொடுத்திருக்கிறார். அவராகக் கேட்டு ஒரு சட்டை!

பயமும் சந்தோஷமுமாக
அக்கா


ஜூன் 22, ஞாயிறு

வாலு! வாலு! வாலு!

எங்கே ஆரம்பிப்பது? நேற்று நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

போகும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன். "தம்பி, சபையில நான் போடப்போற துண்டு வாலு அனுப்புனது. அன்னிக்கு அனுப்புனது. கடைசில அவ சிரிக்கிறா. வேணாம்னா போடல." அவர் நீல சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "போடுங்க அண்ணி. நானும் கேக்கணும்" என்றார். இப்பவே கேட்கிறீர்களா என்று போனை எடுத்தேன். "பஸ்ல வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

பெரிய ஹால் நிறைந்துவிட்டது. காலையில் நானே மெஷின் போட்டுப் பளபளவென்று வைத்த தரையில் எல்லாரும் செருப்போடு ஏறுகிறார்கள், என் வயிறு எரிகிறது. மேடையில் ஜோடி ஜோடியாக நாற்காலி. சிவப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி போட்டியை நடத்துகிறாள். ஓரத்தில் நடுவராகச் செல்லோ டீச்சர். ஒவ்வொருவர் முன்னாலும் மைக். நம்ம முன்னாலும் மைக்!

எங்களுக்கு முதல் துண்டு போட்டார்கள். வாலு, பல் வலி! கண்ணை மூடிக்கொண்டு சொல்வேனே! ஐந்தாம் நம்பர் என்று மனசு சொல்கிறது. வாய்? "பல் வலி!" என்று மைக்கில் கத்திவிட்டேன். சிவப்புக் கண்ணாடி பதறிப்போய், "அம்மா, தண்ணி வேணுமா?" என்கிறாள். மேடை ஓரத்தில் திருகாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர்தான் விளக்கம் சொன்னார். செல்லோ டீச்சர் சிரித்து முடித்துவிட்டு, "பேர் பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா மார்க் கிடையாது" என்றார். நியாயம்தானே.

அடுத்ததைக் கேள். துண்டு ஆரம்பித்ததும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "லிஃப்ட் மாட்டிக்கிச்சு!" என்றார். நீ அவருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாய், கள்ளி! சபை கை தட்டியது. மார்க் இல்லை. எங்கள் பலகையில் கடைசிவரை முட்டைதான். ஆனால் எங்களுக்குத் துண்டு போடும்போதெல்லாம் ஜனம் நாங்கள் என்ன உளறப்போகிறோம் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. தம்பி சிரிக்கிறார், வாலு. பல் தெரியச் சிரிக்கிறார்.

அப்புறம் நம் முறை வந்தது.

திருகாணி போனை வாங்கி ஒலிபெருக்கியில் மாட்டினார். அந்த உறுமல் ஹால் முழுக்கப் பரவியது. மேலே அந்த மெல்லிசு இழை. கடைசியில் நீ. சின்னப் போனில் கேட்ட சிரிப்பு அவ்வளவு பெரிய இடத்தில் விழுந்ததும், நீ திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற மாதிரி நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். தம்பி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

சபையில் கை உயர்ந்தது. ஒருத்தர் டபுள் பாஸ், குழல் என்றார். ஒருத்தர் பழைய கோயில் ஆர்கன் என்றார். செல்லோ டீச்சர் இன்னொரு தடவை போடச் சொல்லி, விரலால் தாளம் போட்டுக் கேட்டார். "ஆரம்பம் எனக்குத் தெரியுது" என்றார். அவர் சொன்ன நம்பர் எது தெரியுமா? வெந்நீர்! "ஆனா அதுல இருந்து விலகி வேற எங்கயோ போயிடுது. அது யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியல. யாரும் எழுதினது இல்லன்னு நினைக்கிறேன். என்ன வாத்தியம்னும் புரியல. மன்னிச்சிடுங்கம்மா."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கையைக் கூப்பிவிட்டு எழுந்திருக்கப் போனேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் தம்பி. மைக் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். அவர் தலையைச் சாய்த்து, லிஃப்டுக்கு அடியில் நின்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"கீழ உறுமுறது வாத்தியம் இல்ல. மோட்டார். அண்ணி, உங்க பாலிஷ் மெஷின்."

"மெஷினா?"

"மேல கேக்குறது நீங்க."

"நானா! போங்க தம்பி, எனக்கு எங்க பாட வரும்?"

"மிக்ஸி போட்டா வரும்."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார். "மிக்ஸி ஓடுனா பாடுவீங்க அண்ணி. சத்தமாவே பாடுவீங்க. நிறுத்துனா நீங்களும் நிறுத்திடுவீங்க. வீட்ல எல்லாருக்கும் தெரியும். அவதான் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தா. சொன்னா அக்கா வெக்கப்பட்டு விட்டுடும், அப்புறம் கெடைக்காதுன்னா."

எனக்குத் தெரியாது, வாலு. சத்தியமாகத் தெரியாது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்குக் கேட்டதே இல்லை. நீ வேலை முடிந்து போகிற வழியில், பெரிய ஹால் கதவை லேசாகத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மெஷின் ஓட்டுகிற என்னைப் பிடித்திருக்கிறாய். அதற்குத்தான் சிரித்தாய்!

சிவப்புக் கண்ணாடி, "அம்மா, கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்" என்றாள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. "மெஷின் இல்லாம வராதுங்க" என்றேன். மறுபடி சிரிப்பு, கைதட்டு. செல்லோ டீச்சர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாதி நான் சொன்னேன், பாதி அவர் சொன்னார், ஆளுக்குப் பாதி மார்க்" என்றார். அந்த மார்க்கெல்லாம் எங்கே சேர்த்தார்களோ தெரியாது. நாங்கள்தான் கடைசி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி போனைக் கேட்டார். காதோடு வைத்துக்கொண்டார். நம் ஸ்டாப் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார். கண் நிறைய நீர், வாய் நிறையச் சிரிப்பு. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, "என் சம்சாரம்" என்று போனைக் காட்டினார்.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

கண்டுபிடித்த அக்கா


ஜூன் 23, திங்கள்
பெரிய ஹால், படியில் உட்கார்ந்து

வாலு,

இன்றைக்கு ஒரு வேலை செய்தேன், கேட்டால் நீ உருண்டு சிரிப்பாய்.

ஹாலில் யாரும் இல்லை. மெஷினைப் போட்டேன். பாடக் கூடாது, பாடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் இல்லை. சரி, அவர் ஏதோ சொல்கிறார் என்று வேலையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கறை, போகவே மாட்டேன் என்றது, அதோடு மல்லுக்கட்டினேன். திடீரென்று ஞாபகம் வந்து பட்டென்று சுவிட்சை அணைத்தேன். மெஷின் நின்றது. என் குரல் நிற்கவில்லை! ஒரு வாய் அளவு, வால் மாதிரி, காலி நாற்காலிகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் அதற்கு நான் கேட்பது தெரிந்து நின்றது.

என்னையே நான் பிடித்துவிட்டேன்டி! மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். தெரிந்து செய்தால் வருவதில்லை. மறந்தால் வருகிறது. காலை முழுக்கப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, மேஸ்திரி அம்மா வந்து, "மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான்தான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சந்தோஷம் தாங்காமல் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஏதோ ஒரு லிஃப்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். சிரித்தார். அப்புறம் சொன்னார், "அதுக்கு அவ பேருகூட வச்சிருந்தா அண்ணி."

"என்ன பேரு?"

"எனக்கும் சொல்லல. ஒரு நாள் அக்காவையே புடிச்சு அக்காவுக்கே அனுப்பறேன் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. பேரு என்னன்னு கேட்டா, அக்கா கண்டுபிடிச்ச பெறகுதான்னு சொல்லிட்டா."

அதிலிருந்து யோசித்துக்கொண்டே தரையைத் தேய்க்கிறேன். அக்கா மெஷின்? மூக்கடைப்பு? வெந்நீர் ஆறிப்போச்சு? எதுவும் நீ வைக்கிற மாதிரி இல்லை. நீ வைத்தால் கேட்ட உடனே, ஆமாம், இதற்கு வேறென்ன பேர் இருக்க முடியும் என்று தோன்றும். எனக்கு அந்தக் கை வராது. என்னால் கண்டுபிடிக்கத்தான் முடியும்.

கண்டுபிடித்துவிட்டேன், வாலு. அறை, பெரிய ஹால். வாத்தியம், நான். விதிப்படி இனி நீதான் வாயைத் திறக்க வேண்டும்.

எனக்கு என்னடி பேர் வைத்தாய்?